டியூபின் மேல் எழுதிய நேரம்

கொடைக்கானலில் நரம்பு கிடைக்காத நோயாளி யாராவது வந்தால், முருகேஸ்வரி வரட்டும் என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் ஊசியைக் கீழே வைத்துவிடுவார்கள். ஒரு தனியார் லேபில் பதினான்கு வருடம் அவள் ரத்தம் எடுத்தாள். குளிரில் நரம்பெல்லாம் உள்ளே ஒடுங்கிப் போகும் டிசம்பரிலும், பிறந்து இரண்டு நாளான குழந்தைக்கும், மருந்து ஏற்றி ஏற்றிக் கை கறுத்துப் போனவர்களுக்கும் ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். பழனியில் பிறந்து நாயுடுபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். கணவன் ராஜமுருகன் டாக்சி ஓட்டுகிறான். ஒரே மகள் காவ்யா அப்போது எட்டாம் வகுப்பு. முருகேஸ்வரிக்குப் பெரிய படிப்பில்லை, இரண்டு வருட டிப்ளமோதான். ஆனால் தன் கையைப் பற்றி அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. இருந்தது என்று இப்போது அவளே சொல்கிறாள்.

மூன்று வருடங்களுக்கு முன் மதுரையிலிருந்து சண்முகப்பிரியா வந்தாள். முப்பத்திரண்டு வயது, ஆராய்ச்சியாளர். நாயுடுபுரத்தில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து ஒரு சின்ன லேப் போட்டாள். ரத்தம் எடுக்கக் கைதேர்ந்த ஆள் வேண்டும் என்று விசாரித்தபோது நான்கு பேர் ஒரே பெயரைச் சொன்னார்களாம்.

சண்முகப்பிரியா ஆராய்ந்தது ஒரு பெப்டைடை. புரதத்தின் சின்னத் துண்டு அது. நம் தோலும் வெள்ளையணுக்களும் தாங்களாகவே செய்துகொள்வது. வேலையில் சேர்ந்த முதல் நாள் அவள் முருகேஸ்வரிக்குப் பொறுமையாக விளக்கினாள். வெள்ளையணுக்களின் மேற்பரப்பில் ஏற்பிகள் இருக்கின்றன. கிருமியின் மேலுறையிலிருந்து ஒரு துணுக்கு வந்து ஏற்பியில் பட்டால் போதும், செல்லுக்குள் செய்தி போய்விடும். உடனே செல் சண்டைக்கான பொருட்களை வெளியே கொட்டும். அளவோடு கொட்டினால் கிருமி சாகும், அளவு மீறினால் உடம்பே அதில் வெந்துபோகும். இந்தப் பெப்டைடு நடுவில் புகுந்து கிருமித் துணுக்கைப் பற்றிக்கொள்ளும். ஏற்பிக்குப் போகிற செய்தி பாதியாகக் குறையும். செல் கொஞ்சம் நிதானமாகும்.

இது ஓரளவு தெரிந்த விஷயம்தான் என்றாள். தெரியாதது, மனிதருக்கு மனிதர் இந்தப் பெப்டைடு எவ்வளவு கூடும், குறையும் என்பது. மலைச் சரிவில் காட்டுக்குள் வாழும் பளியர்களிடமும், ஊருக்குள் வாழ்கிறவர்களிடமும் அதை ஒப்பிட்டுப் பார்க்க அவள் அனுமதி வாங்கியிருந்தாள். அங்கே நாற்பத்தாறு பேர், இங்கே ஐம்பது பேர்.

வேலைக்கு ஒரே ஒரு கண்டிப்பான விதி. ரத்தம் எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் டியூப் லேபுக்கு வந்து, கிருமித் துணுக்கு கலந்து, உடம்புச் சூட்டில் வைக்கும் பெட்டிக்குள் போய்விட வேண்டும். தாமதமானால் அதைக் கொட்டிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். எடுத்த நேரத்தை டியூபின் லேபிளில் எழுத வேண்டும், பெட்டிக்குள் வைத்த நேரத்தை நோட்டில் எழுத வேண்டும். முருகேஸ்வரி தலையாட்டினாள். ரத்தம் வெளியே கிடந்தால் கெடும் என்பது அவளுக்குப் புதிதா என்ன.

ஊர்க்காரர்களிடம் எடுப்பது சுலபமாக முடிந்தது. அவர்கள் நாயுடுபுரத்து அறைக்கே வந்தார்கள். எடுத்த அரை மணியில் டியூப் பெட்டிக்குள் போனது. மலைக்குத்தான் போக வேண்டியிருந்தது. பழனி ரோட்டில் வடகவுஞ்சிப் பக்கம் ஜீப்பை நிறுத்திவிட்டு, காப்பித் தோட்டத்தின் ஓரமாக அரை மணி நேரம் இறங்கினால் முப்பது வீட்டுக் குடியிருப்பு. குருநாதன் என்பவர் ஜீப் ஓட்டினார். எல்லாம் ஒழுங்காகப் போனால் ஒன்றே முக்கால் மணியில் திரும்பிவிடலாம்.

அங்கே முதலில் கை நீட்டியவள் செல்லாயி. ஐம்பது வயதிருக்கும். காப்பிப் பழம் பறிக்கும் வேலை. அவள் உட்கார்ந்ததைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வந்தார்கள். டியூப் நிறைவதைப் பார்த்துக்கொண்டே, இன்னொரு தரம் வந்து எடுப்பீகளா என்று செல்லாயி கேட்டாள். ஒரே தடவைதான், மறுபடி உங்களைக் குத்தவே மாட்டேன் என்று முருகேஸ்வரி வாக்குக் கொடுத்தாள்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை நாலு டியூபோடு திரும்பும்போது பெருமாள்மலை தாண்டி வண்டி நின்றுவிட்டது. சீசன் கூட்டம். வெள்ளி நீர்வீழ்ச்சி வரைக்கும் கார்களும் வேன்களும் அசையாமல் கிடந்தன. ஒன்பது நாற்பதுக்கு எடுத்த ரத்தம் லேபுக்குள் நுழையும்போது மணி இரண்டேகால். சண்முகப்பிரியா மதுரையில் இருந்தாள். முருகேஸ்வரி டியூபுகளைக் கொட்டுவதற்காகக் கையில் எடுத்தாள். மறுபடி அந்த நாலு பேர் முன்னால் போய்க் கையை நீட்டச் சொல்ல வேண்டும். மேடத்துக்குப் போன் செய்து நாலும் வீண் என்று சொல்ல வேண்டும். பதினான்கு வருடத்தில் ஒரு சாம்பிளைக்கூட வீணாக்காதவள் அவள். லேபிளை உரித்தாள். புது லேபிள் ஒட்டி, பன்னிரண்டு முப்பது என்று எழுதினாள். கை நடுங்கவில்லை என்பதுதான் பிறகு நினைக்கும்போது அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

முதல் தடவை மனசு உறுத்தியது. இரண்டாம் தடவை மழையில் மரம் விழுந்து வழி அடைத்தது, உறுத்தல் குறைந்தது. அதற்கப்புறம் வழி அடைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வடகவுஞ்சியில் நின்று குருநாதனோடு சாப்பிட்டுவிட்டு வந்த நாள் உண்டு. காவ்யாவின் பள்ளி ஆண்டு விழா நாளில், ரத்தப் பெட்டியை ஜீப்பிலேயே வைத்துவிட்டு, மகள் பாடி முடிக்கும் வரை ஒன்றரை மணி நேரம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேடையிலிருந்து மகள் அவளைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரித்தாள். அன்றும் புது லேபிள்தான்.

அடுத்த பிப்ரவரியில் நாற்பத்தாறு பேரும் முடிந்தார்கள். ஒரு நாள் காலை சண்முகப்பிரியா அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை முருகேஸ்வரி அதுவரை பார்த்ததில்லை. திரையில் நீலப் புள்ளிகள் ஒரு பக்கம், சிவப்புப் புள்ளிகள் ஒரு பக்கம். சிவப்பு மலைக்காரர்கள். அவர்கள் ரத்தத்தில் பெப்டைடு ஊர்க்காரர்களைவிட இரண்டு மடங்கு. கிருமித் துணுக்கைக் கலந்தபோது அவர்கள் செல்கள் கொட்டிய சண்டைப் பொருளோ பாதிக்கும் கீழே.

“பாருங்கக்கா. பெப்டைடு கூடுதல், செல் அமைதி. நான் எதை நினைச்சு இந்த வேலையை ஆரம்பிச்சேனோ அதுவே வந்திருக்கு. உங்க கையாலதான். நேரத்துல ஒரு சாம்பிள்கூட பிசகலை.”

முருகேஸ்வரிக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. ரத்தம் டியூபில் மணிக்கணக்காகக் கிடந்தால் வெள்ளையணுக்கள் உள்ளே வைத்திருப்பதைக் கசியவிடும். பெப்டைடும் அப்படித்தான் கசிந்திருக்கும். கிடந்து களைத்த செல், பிறகு எதைக் கலந்தாலும் சரியாக எழும்பாது. அங்கே சிவப்பாகத் தெரிவது பளியர்களின் ரத்தமல்ல, பெருமாள்மலை நெரிசல். மூன்றாவது வரிசை நாற்காலி. தன் பொய்தான் அங்கே அழகாகப் படம் போட்டு நிற்கிறது.

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சண்முகப்பிரியா அதற்குள் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கட்டுரையில் உங்கள் பெயரும் நன்றிப் பகுதியில் வரும் என்றாள். “சந்தோஷம் மேடம்” என்று சொல்லிவிட்டு முருகேஸ்வரி பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

அந்த மாதமே குடியிருப்புக்குப் போய் முடிவைச் சொல்ல வேண்டும் என்று சண்முகப்பிரியா விரும்பினாள். ரத்தம் கொடுத்தவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பது அவள் நேர்மை. பலா மரத்தடியில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். உடம்பு தானாகச் செய்துகொள்ளும் ஒரு பொருள் உங்களிடம் சற்றுக் கூடுதலாக இருப்பதுபோல் தெரிகிறது, இது முதல் கட்டம்தான், இன்னும் பார்க்க வேண்டும் என்று அவள் அளந்து அளந்து பேசினாள். யாருக்கும் புரியவில்லை. அக்கா, நீங்க உங்க பாணியில சொல்லுங்க என்று முருகேஸ்வரியைப் பார்த்தாள்.

முருகேஸ்வரி எழுந்தாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். ஏதாவது சொல்லியாக வேண்டும்.

“உங்க ரத்தம் கெட்டியான ரத்தம்ங்க. காய்ச்சல், சீக்கு எல்லாம் லேசுல உங்களை அண்டாது. அதைத்தான் மேடம் சொல்றாங்க.”

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். செல்லாயி தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். சண்முகப்பிரியா அவசரமாக, அப்படி முடிவாகச் சொல்லிவிட முடியாது என்று திருத்தப் பார்த்தாள். அது யார் காதிலும் ஏறவில்லை.

மூன்று வாரம் கழித்து, சில படிவங்களில் கைநாட்டு வாங்க முருகேஸ்வரி குருநாதனோடு போனாள். செல்லாயி வேலைக்குப் போகவில்லை என்றார்கள். வீட்டுக்குள் பாயில் படுத்திருந்தாள். வாசலிலேயே நாற்றம். வலது கால் முழங்கால் வரைக்கும் வீங்கி மினுமினுத்தது, பெருவிரல் கறுத்திருந்தது. தோட்டத்தில் வெட்டிய குச்சி ஒன்று குத்தி ஒன்பது நாள் ஆகியிருந்தது. மகன் அழகன் ஆம்புலன்சைக் கூப்பிடுகிறேன் என்று ரெண்டு தரம் போனை எடுத்தானாம். அவள்தான் தடுத்திருக்கிறாள்.

“எதுக்கு நர்சம்மா ஆசுபத்திரி. கெட்டி ரத்தம்னு நீங்கதான சொன்னீக. தன்னால வத்திரும்னு கெடக்கேன்.”

அவள் குற்றம் சொல்லவில்லை. காய்ச்சல் கண்ணோடு, நம்பிக்கையாகச் சொன்னாள். முருகேஸ்வரி அவள் கைக்குக் கீழே தோளைக் கொடுத்தாள். அழகனும் குருநாதனும் சேலையில் தொட்டில் போலக் கட்டித் தூக்கினார்கள். அரை மணி ஏற்றம் அன்று ஒரு மணிக்கு மேல் ஆனது.

ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைத் தாளை முருகேஸ்வரிதான் வாங்கினாள். வெள்ளையணு இருபத்து நாலாயிரம், இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். உடம்பு முழுக்கச் சண்டை. அமைதியான ரத்தம் என்று திரையில் படம் போட்ட அதே ரத்தம், கொதித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு நாள் ஏன் வீட்டில் வைத்திருந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். அழகன் தலையைக் குனிந்தான். தாயைச் சரியாகக் கவனிக்காத மகன் என்று டாக்டர் நினைப்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. உண்மையான காரணம் ஒரு முழத் தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. அது வாயைத் திறக்கவில்லை. செல்லாயியின் பெருவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்தார்கள். காலைக் காப்பாற்ற முடிந்தது.

மறுநாள் காலை முருகேஸ்வரி லேபுக்குப் போய், தான் உரித்த லேபிள்களைப் பற்றிச் சொன்னாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சண்முகப்பிரியா சத்தம் போடவில்லை. எத்தனை டியூப் என்று கேட்டாள்.

“பத்து, பன்னெண்டு இருக்கும் மேடம்.”

மனசாரத்தான் அப்படிச் சொன்னாள். உண்மையிலேயே அவ்வளவுதான் என்று நம்பியிருந்தாள். சண்முகப்பிரியா குருநாதனின் ஜீப் பதிவேட்டை வரவழைத்தாள். எந்த நாள் எத்தனை மணிக்கு வடகவுஞ்சி போய் நின்றது, எப்போது அங்கிருந்து கிளம்பியது, எத்தனை மணிக்கு லேபுக்குத் திரும்பியது என்று அதில் இருந்தது. இரண்டு பேரும் அருகருகே உட்கார்ந்து ஒவ்வொரு நாளாக ஒப்பிட்டார்கள். முப்பத்தொன்று வந்தது. நாற்பத்தாறில் முப்பத்தொன்று. ஒவ்வொரு வரி வரும்போதும் முருகேஸ்வரி தேதியைச் சொன்னாள், காரணத்தையும் சொன்னாள். நெரிசல். மரம். சாப்பாடு. காவ்யா பாட்டு. சில நாளுக்குக் காரணமே நினைவில்லை. எதற்காகத் தாமதித்தோம் என்றுகூடத் தெரியாமல் பொய் எழுதியிருக்கிறோம் என்பது அங்கேதான் அவளுக்குத் தெரிந்தது.

“ஒரு போன் பண்ணியிருக்கலாமே அக்கா. கொட்டிருங்கன்னு சொல்லியிருப்பேன். அவ்வளவுதானே.”

“எனக்குத் தெரியும் மேடம்.”

“இந்தப் பதிவேடு என் அலமாரியிலதான் இருந்துச்சு. ஒரு தடவை புரட்டியிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும். நான் புரட்டலை. எனக்கு வேணும்ங்கறது வந்துச்சு, அதனால புரட்டலை.”

முருகேஸ்வரிக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை. தன் வெட்கத்தில் ஒரு பங்கை இன்னொருத்தி எடுத்துச் சுமப்பதைப் பார்க்க நேர்ந்ததாகவே இருந்தது. சென்னையில் ஒரு கருத்தரங்குக்கு அனுப்பிய ஆய்வுச் சுருக்கத்தை அன்றே சண்முகப்பிரியா திரும்பப் பெற்றாள். ஆய்வுக்குப் பணம் தந்த நிறுவனத்துக்கும், அனுமதி கொடுத்த குழுவுக்கும் எழுதினாள். மீதிப் பதினைந்தையும் நம்ப முடியாது என்று நாற்பத்தாறையும் ஒதுக்கினாள். முருகேஸ்வரியின் வேலை அந்த வாரத்தோடு முடிந்தது. பழைய லேபில் மறுபடி கேட்டுப் பார்த்தாள். சின்ன ஊர். விஷயம் அவளுக்கு முன்னாலேயே போயிருந்தது. நரம்பு கிடைக்காதவர்களுக்காக அவளைக் கூப்பிட்டவர்கள் எல்லாம் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தால் செல்போனைப் பார்த்தார்கள்.

ராஜமுருகனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன், செல்லாயிகிட்ட சொல்லிட்டியா என்று மட்டும் கேட்டான். காவ்யாவிடம் மட்டும் சொல்லவில்லை. ஆண்டு விழா நாளை அந்தப் பிள்ளை தன் தப்பாக எடுத்துக்கொள்ளும் என்று பயந்தாள். பிராஜெக்ட் முடிந்துவிட்டது என்றாள். அதுவும் ஒரு லேபிள்தான் என்று அவளுக்குத் தெரியாமலில்லை.

செல்லாயி வீடு திரும்பிய பிறகு, முருகேஸ்வரி பஸ் ஏறி வடகவுஞ்சியில் இறங்கித் தனியாக நடந்து போனாள். அதே பலா மரத்தடியில் ஆட்கள் கூடினார்கள். உங்கள் ரத்தம் கெட்டி என்று நான் சொன்னது பொய், எல்லோர் ரத்தமும் போலத்தான் உங்கள் ரத்தமும், காயம் பட்டால், காய்ச்சல் வந்தால் வெரசா ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றாள். ஏன் பொய் சொன்னாய் என்று அழகன் கேட்டான். நேரத்தை மாற்றி எழுதியதைச் சொன்னாள். பெப்டைடு, ஏற்பி எதுவும் தேவைப்படவில்லை. கெட்டுப்போனதை நல்லது என்று கொடுத்தேன் என்றதும் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

ஒருவரும் திட்டவில்லை. சிலர் எழுந்து போனார்கள். அழகன், “எங்கள வச்சுத்தான் பொய் எழுதணுமா” என்று கேட்டான். அவள் இல்லை என்றாள். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைத் தனக்குள் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறாள். ஊர்க்காரர்களின் ரத்தம் தாமதமாகியிருந்தால் அதே துணிச்சல் வந்திருக்குமா. கொடைக்கானல் கடைக்காரர் ஒருவரோ வாத்தியார் ஒருவரோ மறுநாள் கேள்வி கேட்பார் என்ற பயம் இருந்திருக்கும். காட்டுக்குள் இருப்பவர்கள் கேட்க மாட்டார்கள் என்று உள்ளுக்குள் எங்கோ தெரிந்துதான் கை நடுங்காமல் இருந்தது. இதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் இறங்கிப்போகிறது. பொய்யைவிட இது கேவலம் என்கிறாள்.

செல்லாயி கட்டுப் போட்ட காலை நீட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அப்ப மறுக்கா எடுக்க வருவாகளா?”

“வருவாங்கம்மா. நான் வரமாட்டேன். வேற ஆள். விருப்பமில்லைன்னா கொடுக்க வேண்டாம்.”

“பாப்போம்” என்றாள் செல்லாயி. முருகேஸ்வரி கும்பிட்டபோது அவள் திரும்பிக் கும்பிடவில்லை. போகும்போது தண்ணீர் குடித்துவிட்டுப் போ என்று மட்டும் சொன்னாள்.

ஆறு மாதம் கழித்துச் சண்முகப்பிரியா மறுபடி அனுமதி வாங்கினாள். இந்தத் தடவை சூட்டுப் பெட்டியையே பேட்டரியோடு தூக்கிக்கொண்டு குடியிருப்புக்குப் போனாள். நாற்பத்தாறு பேரில் இருபத்தொன்பது பேர்தான் கை கொடுத்தார்கள். செல்லாயி கொடுத்தாள். புதிதாக வந்த பையனுக்கு அவள் நரம்பு சிக்காமல் மூன்று தடவை குத்தியதாக, பின்னொரு நாள் பஸ்ஸில் பார்த்தபோது அழகன் சொன்னான். முருகேஸ்வரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரே குத்தில் எடுக்கத் தெரிந்த கை மடியில் சும்மா கிடந்தது.

சரியான நேரத்தில் பார்த்தபோது மலை ரத்தத்துக்கும் ஊர் ரத்தத்துக்கும் வித்தியாசம் ஒன்றும் பெரிதாக இல்லை. ஆளுக்கு ஆள் கூடிக் குறைந்தது, அவ்வளவுதான். ஆனால் பெப்டைடைத் தனியாக டியூபில் சேர்த்தபோது இரண்டு பக்கத்துச் செல்களும் ஒரே மாதிரி அடங்கின. சண்முகப்பிரியா சின்னதாக ஒரு கட்டுரை எழுதினாள். அது இந்த வருடம் வெளிவந்தது.

முருகேஸ்வரி இப்போது ஒட்டன்சத்திரத்தில் வேலை பார்க்கிறாள். காய்கறி மார்க்கெட் பக்கத்தில் ஒரு சிறிய லேப். சேருவதற்கு முன்னாலேயே முதலாளி நல்லசாமியிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் யோசித்துவிட்டு, ரெண்டு மாதம் பார்க்கிறேன் என்றார். ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. லாரி டிரைவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் வெள்ளனே வந்து சர்க்கரை பார்த்துவிட்டுப் போகிறார்கள். கைராசி என்று யாராவது சொன்னால் அவள் வேறு வேலை இருப்பதுபோல் உள்ளே போய்விடுகிறாள்.

சண்முகப்பிரியா அந்தக் கட்டுரையை அவளுக்கு அனுப்பியிருந்தாள். முருகேஸ்வரி அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் படித்தாள். நடுவில் ஒரு வரி. முதலில் சேகரித்த மாதிரிகள் நேரப் பதிவில் ஏற்பட்ட குறைபாட்டால் நீக்கப்பட்டன என்று இருந்தது. பெயர் இல்லை.

“குறைபாடாம். அவுங்க எனக்காகப் பாத்து எழுதியிருக்காங்க. பொய்னு எழுதியிருந்தா நான் நிம்மதியா தூங்கியிருப்பேன்” என்று சொல்லி அந்தத் தாளை மடித்து மேசை டிராயருக்குள் வைத்தாள். அடுத்த ஆள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவள் கையுறையை மாட்டி ரத்தம் எடுத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து லேபிளில் ஆறு நாற்பத்திரண்டு என்று எழுதினாள்.